முள் வைக்கிற சிர்க்கா

சாவோச் சீமையில் இருக்கிற எங்கள் ஹெய்னலம்பி ஊரில் யாரிடமிருந்தும் ‘ஆமாம்’ என்ற சொல்லை வாங்கிவிட முடியாது. “மழை வருமா?” என்று கேட்டால் “வந்தாலும் வரும்” என்பார்கள். நனைந்துகொண்டு நிற்கும்போது கேட்டாலும் அதேதான் பதில். சாவோக்காரன் வாயைத் திறந்தால் பொறுப்பு கேட்கிறவன் தலையில் என்று மற்ற சீமைக்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். ஒரு வார்த்தையை விட்டுவிட்டு அதன் பின்னாலேயே ஆயுசு முழுக்க ஓடுவதைவிட, கொஞ்சம் இடம் வைத்துப் பேசுவது புத்திசாலித்தனம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சிர்க்கா விஷயத்தில்தான் எனக்கு அந்த வழக்கத்தின் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

சிர்க்கா தீஹொனென் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். ஊர்ப் பால்பண்ணையை மூடியபோது அந்தச் செங்கல் கட்டடத்தை வாங்கி வெல்டிங் பட்டறையாக்கிக்கொண்டாள். சாலைக்கு இந்தப் பக்கம் என் காபிக்கடை, பெட்ரோல் பங்க்கை ஒட்டி. அவள் பட்டறைக்கு யார் போகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதெல்லாம் என் ஜன்னலிலிருந்து தெரியும். நான் ஒன்றும் எட்டிப் பார்ப்பதில்லை. அவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தது கடையைக் கட்டியவன் குற்றம்.

காட்டில் மரம் வெட்டும் இயந்திரத்துக்கு நீளமாக ஒரு கை உண்டு. கையின் நுனியில் ஒரு தலை. அந்தத் தலை மரத்தைக் கட்டிப் பிடித்து, அடியில் அறுத்து, படுக்க வைத்து, இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே இழுக்கும். இழுக்கிற வேகத்தில் கத்திகள் கிளைகளைச் சீவித் தள்ளிவிடும். உருளை முழுக்க முள். முள் மழுங்கினால் மரம் வழுக்கும், இயந்திரம் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும். முள் அதிகமானால் மரத்தில் குழி விழும், ஒட்டுப்பலகை ஆலைக்காரன் மூக்கைச் சுளிப்பான். மழுங்கிய முள்ளை எடுத்துவிட்டு, அந்த ஆளுக்கும் அவன் வெட்டும் மரத்துக்கும் ஏற்ற முள்ளைப் பற்றவைத்துக் கொடுப்பதுதான் சிர்க்காவின் பிழைப்பு. ஊரில் அவளுக்குப் பெயரே முள் வைக்கிற சிர்க்கா.

அப்பாவின் நிலம் அண்ணனுக்குப் போனதும் இவள் பள்ளிக்கூடம் முடித்த கையோடு தூர்குவுக்குக் கிளம்பினாள். அங்கே கப்பல் கட்டும் துறையில் வெல்டிங் கற்றாள். கப்பல் வயிற்றுக்குள் மல்லாந்து படுத்து, முகத்துக்கு நேர் மேலே பற்றவைக்கிற வேலை. அங்கேயே ஒருவனைக் கல்யாணமும் செய்துகொண்டாள். நல்லவன். குடிக்க மாட்டான், சமைப்பான். அவனிடம் ஒரே ஒரு குறைதான், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவான்.

“சூப்புல உப்பு ஜாஸ்தின்னு சொல்றான் இர்யா,” என்று ஒரு விடுமுறைக்கு வந்தபோது என்னிடம் புலம்பினாள். “மூஞ்சிக்கு நேரா சொல்றான்!”

“நீ என்ன சொன்ன?”

“இருந்தாலும் இருக்கும்னேன். அதுக்குக் கோவம் வருது அவனுக்கு. ஒண்ணு இருக்குன்னு சொல்லு, இல்ல இல்லைன்னு சொல்லுங்கிறான். அப்படியெல்லாம் எப்படிச் சொல்ல முடியும்?”

அந்தக் குடித்தனம் அப்படியே ஓய்ந்துபோனது. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு அவனிடமிருந்து வாழ்த்து அட்டை வருகிறது. துறைமுகத்தில் ஆள் குறைத்த சமயத்தில் சிர்க்கா தன் முகமூடியையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினாள். வந்தவளைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. இந்த ஊரில் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஜீவன் அவள்தான்.

எங்களுக்கு வசந்தத்தில் பனி இளகி மண் சாலைகள் கூழாகிவிடும். காட்டுக்குள் இயந்திரம் போக முடியாது. அதுதான் சிர்க்காவுக்கு அறுவடைக் காலம் மாதிரி. பட்டறை வாசலில் உருளைகள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றையும் சங்கிலிக் கப்பியில் தூக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். உருளையைப் பார்த்தால் ஆளைத் தெரியும் என்பாள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அவசரக்காரன், மரத்தை ஒழுங்காகப் பிடிக்காமல் இழுக்கிறான். முள் ஒடிந்திருந்தால் முன்கோபி, கல்லும் மண்ணும் பார்க்காமல் தலையைத் தரையில் அடிக்கிறான்.

“இவன் பொண்டாட்டியப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கு,” என்று ஒரு உருளையைக் காட்டிச் சொன்னாள் ஒருமுறை. அடுத்த வருடமே அந்தப் பெண் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

வெய்யோ குவொஸ்மனெனின் உருளைகள் மட்டும் எப்போதும் ஒரே சீராகத் தேய்ந்திருக்கும். வெய்யோவும் எங்கள் வகுப்புதான், பின்வரிசை. சொந்த இயந்திரம், சொந்த வேலை. மனைவி நோயில் போய்ச் சேர்ந்து பல வருடங்கள். கல்லுளிமங்கன். என் கடையில் காபி குடித்துவிட்டுக் கோப்பையை வைக்கிற சத்தம்தான் அவன் அன்றைக்குப் பேசிய பேச்சாக இருக்கும்.

அவன்தான் திடீரென்று நடுக்குளிர்காலத்திலும் உருளையைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தான். உறைந்த மரம் முள்ளைச் சீக்கிரம் தின்னும், உண்மைதான். அதற்காக மாதத்துக்கு ஒருமுறையா? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. என் கடையில் ஒருவன், “வெய்யோ மரம் வெட்டுறானா, பாறை வெட்டுறானா?” என்று கேட்டான். இன்னொருத்தன், “பாறையா இருந்தாலும் இருக்கும்,” என்றான். எல்லோரும் கோப்பைக்குள்ளே சிரித்துக்கொண்டார்கள்.

நான் பட்டறைக்குப் போனேன். சிர்க்கா உருளையை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினாள். முள் நுனிகளில் மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில். மரம் தேய்த்தால் அப்படித் தேயாது. கிரைண்டர் வைத்து, உட்கார்ந்து, ஒவ்வொரு முள்ளாகத் தேய்த்திருக்கிறான்.

“அடப்பாவி!” என்றேன். “கேக்கலையா நீ?”

“கேட்டா அவன் பதில் சொல்லணும்ல. பாவம்.”

“நீயும் சும்மா முள் வெச்சுக் குடுக்கிற?”

“அவன் தேய்க்கிறான், நான் வெக்கிறேன். அதுபாட்டுக்கு நடக்குது.” முகமூடியை இறக்கிக்கொண்டாள். அதற்குள் கன்னம் சிவந்ததை நான் பார்த்துவிட்டேன்.

மூன்று வருடம் இப்படியே ஓடியது. முள் ஆறும்வரை வெய்யோ ஒரு கவிழ்த்த பால்கேன் மேல் உட்கார்ந்திருப்பான். சிர்க்கா காபி ஊற்றுவாள். இருவரும் சுவரைப் பார்த்துக் குடிப்பார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவைத் தூர்குவிலிருந்து வந்த நாள் முதல் நான் கண்டதில்லை.

போன ஏப்ரலில் நான் சூடாக ஏலக்காய் ரொட்டி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போயிருந்தேன். வெய்யோ உட்கார்ந்திருந்தான். உருளைகள் முடிந்து வண்டியில் ஏற்றியாகிவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. ரொட்டியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

“எங்க வீட்டுச் சவுனால மேல் பலகை இருக்கே, அது ஒரு ஆளுக்குக் கொஞ்சம் அகலம்தான்.”

சவுனா என்பது வீட்டார் சேர்ந்து உட்கார்ந்து வேர்க்கிற எங்கள் நீராவிக் குளியலறை. எங்கள் பக்கத்தில் இதைவிடத் தெளிவாக எந்த ஆணும் பெண் கேட்டதில்லை. என் அப்பா என் அம்மாவிடம் உருளைக்கிழங்குப் பாத்தி நீளமாக இருக்கிறது என்றுதான் சொன்னாராம்.

சிர்க்கா கோப்பையைக் கீழே வைத்தாள். மூக்கு நுனி வரைக்கும் சிவந்திருந்தாள்.

“அகலமா இருந்தாலும் இருக்கும்,” என்றாள்.

வெய்யோ தலையை ஆட்டினான். எழுந்தான். தொப்பியை மாட்டிக்கொண்டு போனான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நான் வீட்டுக்கு ஓடினேன். நல்ல நாளுக்கு விரிக்கிற வெள்ளை மேஜைத்துணியை எடுத்து இஸ்திரி போட்டேன்.

அப்புறம் அவன் வரவேயில்லை.

மே மாதம் முழுக்கச் சிர்க்கா பட்டறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் முகமூடியைத் தூக்கிப் பார்த்தாள். ஒருநாள் என் கடையில் அவள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, மரலாரி ஓட்டுகிறவன் ஒருவன் சேதி சொன்னான். வெய்யோ தன் இயந்திரத்தில் இரும்பு உருளையைக் கழற்றிவிட்டு ரப்பர் உருளை மாட்டிவிட்டானாம். வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரத்தில் முள் தடம் விழக்கூடாது என்று ஆலையில் சொன்னார்களாம்.

சிர்க்கா கரண்டியால் காபியைக் கலக்கினாள்.

“ரப்பருக்கு முள் வெக்க வேண்டியதில்ல,” என்றாள் பிறகு. அவ்வளவுதான். காபியை மிச்சம் வைத்துவிட்டுப் போனாள். அவள் காபியை மிச்சம் வைத்து நான் பார்த்தது அன்றுதான்.

குவோப்பியோ நகரத்தில் உருளை செய்கிற தொழிற்சாலை ஒன்று அவளை வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த வாரமும் மேனேஜர் போன் செய்தார். இவள் “வந்தாலும் வரலாம்” என்றாள். அவர் தெற்கத்திக்காரர். சரி வருகிறாள் என்று எடுத்துக்கொண்டு அறை, ஷிப்ட் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டார். இவளும் மறுக்கவில்லை. ஜூன் கடைசியில் வருகிற கோடை நடுத் திருநாள் முடிந்ததும் பட்டறைக்குப் பூட்டு, ஆள் குவோப்பியோவுக்கு.

“அங்க போய் என்னடி பண்ணப்போற?” என்று கேட்டேன்.

“இதே வேலைதான். புது உருளைக்கு முள் வெக்கிறது.”

“புது உருளையப் பாத்தா ஆளத் தெரியுமா?”

அவள் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, “தெரிய வேணாம்,” என்றாள்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. கடையில் ‘இதோ வருகிறேன்’ பலகையைத் தொங்கவிட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். வெய்யோ ஏரிக்கு அப்பால் பூர்ச்சங்காட்டில் வெட்டிக்கொண்டிருந்தான். ஜூன் மாதம் மரத்தில் சாறு ஏறியிருக்கும், பட்டை இறுக்கமே இருக்காது. ரப்பர் உருளை பட்டையை மட்டும் உரித்து உரித்துத் தன்னைச் சுற்றிக்கொண்டது. மரம் இருந்த இடத்திலேயே கிடந்தது. ஒரே மரத்தை அவன் மறுபடி மறுபடி பிடித்து இழுப்பதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நன்றாக வேண்டும்.

என்னைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தி இறங்கி வந்தான். பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றிக் கொடுத்தான்.

“வழுக்குதோ?” என்றேன்.

“வழுக்கினாலும் வழுக்கும்.”

“இரும்பு உருளை வீட்டுல சும்மாதானே கிடக்கு? எடுத்து மாட்ட வேண்டியதுதானே?”

பூட்ஸ் நுனியால் பாசியைக் கிளறினான். நான் விடவில்லை. நச்சரிப்பதில் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை. கடைசியில் வாயைத் திறந்தான்.

“அதைப் பாத்தா ஒரு மாதிரி இருக்கு. அவதான் வேணாம்னுட்டாளே.”

“எப்போ சொன்னா?”

“நீயும்தான் இருந்தியே. பலகை அகலமா இருந்தாலும் இருக்கும்னா. வந்து பாக்கிறேன்னு சொல்லலையே. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு முள் வெக்கப் போவேன்?”

இரண்டு பேரும் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். இவன் மழுப்பலாகக் கேட்டதை அவள் கல்யாணப் பேச்சு என்று புரிந்துகொண்டாள். அவள் மழுப்பலாகச் சொன்ன சம்மதத்தை இவன் மறுப்பு என்று எடுத்துக்கொண்டான். அவள் சம்மதித்தது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பெண்ணின் சம்மதத்தைக் காட்டில் நின்று நான் எப்படிப் போட்டு உடைப்பது? அதை அவள்தான் சொல்ல வேண்டும். என்னால் முடிந்தது ஒன்றுதான்.

“வெய்யோ, அவ குவோப்பியோ போறா.”

“போனாலும்…”

“போனாலும் போவான்னு நான் சொல்லல. போறா. பட்டறையப் பூட்டிட்டுப் போறா. திருநாள் முடிஞ்சதும்.”

அவன் பிளாஸ்க்கை மூடப் பார்த்தான்; மூடி என் கையில் இருந்தது. அவன் கொடுத்த காபியைக் கீழே ஊற்றிவிட்டு நான் வண்டி ஏறினேன். அத்தனை கோபம்.

சனிக்கிழமை நான் சிர்க்காவுக்குச் சாமான் கட்ட உதவிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு வண்டி நின்றது. வெய்யோ. பின்னால் இழுவை வண்டியில் இரண்டு இரும்பு உருளைகள். கப்பியைப் போட்டு ஒன்றை இறக்கினான்.

“தேஞ்சு போச்சு,” என்றான்.

சிர்க்கா கிட்டே வந்தாள். குனிந்து விரலால் தடவினாள். முள்ளெல்லாம் மொட்டையாக, வழுவழுவென்று, சுற்றிலும் ஒன்றுகூடப் பாக்கியில்லாமல். அவள் நிமிர வெகுநேரமாயிற்று.

“இது ஏப்ரல்ல நான் வெச்ச முள்ளு,” என்றாள். “ஒரு மரத்தக்கூடக் கடிக்கல. பத்தவெச்ச கறுப்பு இன்னும் அடியில அப்படியே இருக்கு.”

“தேஞ்சிருந்தாலும் தேஞ்சிருக்கும்.”

“தேயல. நீ தேச்சிருக்க.”

நான் வெளியே போயிருக்க வேண்டும். கால் நகரவில்லை. கையில் இருந்த அட்டைப்பெட்டியைத் திறந்து மூடி, மறுபடி திறந்தேன்.

“மூணு வருஷமா தேய்க்கிற,” என்றாள் சிர்க்கா. “எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? மூணு வருஷமா நானும் வெக்கிறேன். இப்ப நான் ஊரவிட்டுப் போகப்போற நேரத்துல எல்லாத்தையும் மொட்டையடிச்சுக் கொண்டாந்து நிக்கிற. எதுக்குன்னு சொல்லு வெய்யோ. சுவரப் பாக்காத. என்னப் பாத்துச் சொல்லு.”

வெய்யோவின் கழுத்து நரம்பு புடைத்தது. மரத்தை வேரோடு பிடுங்கச் சொன்னால்கூட அவன் அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டான்.

“போகாத,” என்றான். “என் வீட்டுக்கு வா. எனக்கு உன்னப் புடிச்சிருக்கு. நீ இல்லாம எனக்கு… நல்லா இல்ல.”

சொல்லிவிட்டுப் பால்கேன் மேல் தொப்பென்று உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“வர்றேன்,” என்றாள் சிர்க்கா.

வந்தாலும் வருவேன் என்று சொல்லவில்லை. வர்றேன் என்றாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மறைக்கக்கூட முயலவில்லை. ஐம்பது வயதுக்கு மேல், இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், சுற்றிலும் கயிறும் அட்டைப்பெட்டியுமாக. அதைப் பார்த்து அழாதவள் மனுஷியே இல்லை.

அப்புறம் அங்கே ஒரு சண்டை வந்தது.

“ஏப்ரல்லயே இப்படிக் கேட்டிருந்தா என்ன?”

“கேட்டேனே! பலகை அகலம்னு சொன்னேனே!”

“நானும் சொன்னேனே, அகலமா இருந்தாலும் இருக்கும்னு! ஒரு பொம்பள அதுக்கு மேல என்னடா சொல்லணும்?”

அந்தச் சண்டையோடு அவர்களை விட்டுவிட்டு நான் கடைக்கு வந்து ‘இதோ வருகிறேன்’ பலகையைத் திருப்பினேன். திங்கட்கிழமை மேனேஜருக்குப் போன் செய்து வரவில்லை என்று சிர்க்கா நேராகச் சொன்னாள். ஒரே வாரத்தில் இரண்டு முறை நேராகப் பேசியதில் அசந்துபோய், அன்று மதியமே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிட்டாள். திருநாளன்று ஏரிக்கரையில் நெருப்பு மூட்டினோம். மீன் வைத்துச் சுட்ட கறுப்பு ரொட்டியை நான் வெள்ளைத்துணி விரித்துப் பரிமாறினேன். தேவாலயத்தில் மோதிரம் மாற்றியது இலையுதிர் காலத்தில்தான்.

ரப்பர் உருளைகளை வெய்யோ யாருக்கோ விற்றுவிட்டான். பட்டறை முன்பு போலவே நடக்கிறது. சிர்க்கா இப்போது கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாள். வேலை செய்யும்போது ஏதோ பாட்டை முணுமுணுக்கிறாள், ராகம் வராது.

போன வாரம் வெய்யோ என் கடையில் உட்கார்ந்து, அதிசயமாக, முறையிட்டான். உறைந்த மரத்தில் அவன் முள் இந்தத் தடவை நிஜமாகவே மழுங்கிவிட்டதாம். உருளைகளைப் பட்டறையில் போட்டு ரொம்ப நாளாகிறதாம். பின்னால் வந்தவன் உருளையெல்லாம் முடிந்து போகிறது, அவனுடையது மட்டும் மூலையில் கிடக்கிறதாம். எனக்கே பொறுக்கவில்லை. சாலையைத் தாண்டிப் போய்ச் சிர்க்காவிடம் கேட்டேன்.

“கட்டின புருஷன் உருளைய மூலைல போட்டுட்டு ஊர்க்காரன் உருளைக்கு முள் வெக்கிறியே, நியாயமா இது?”

அவள் முகமூடியைத் தூக்கினாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

“அதுக்கு என்னடி அவசரம்? அது முடிஞ்சாலும் முடியாட்டியும் ஆளு சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுறான்ல.”